பொங்கலுக்குக் கார் வேண்டாம் மச்சான்

மூக்கண்டப்பள்ளி,
ஓசூர்.
6-1-2007, சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் பரமசிவம் பணிவன்புடன் எழுதுவது. இவ்விடம் நானும், தங்கள் தங்கை வீரலட்சுமியும், தங்கள் மருமகள் சுப்ரியாவும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம். என்னுடைய இடது முழங்கால் மட்டும் சௌக்கியமாக இல்லை. அதற்கான காரணம் கீழே வரும். சாத்தூரில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும், தங்களுடைய மிளகாய் வத்தல் வியாபாரமும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் தலைபோகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் கழிந்த மறுநாள் தாங்கள் கார் வைத்துக்கொண்டு வந்து, சுப்ரியாவை நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகப் போன ஆவணியில் நாம் போனில் பேசி முடித்திருந்தோம். அந்தக் கார் வேண்டாம் மச்சான். இங்கே டிசி வாங்கவில்லை, டிரங்குப் பெட்டி வாங்கவில்லை, பெட்டி மேல் பெயர் எழுத பெயிண்டும் வாங்கவில்லை. கணக்கில் நூறு வாங்காத பிள்ளையைத் தீபாவளிக்குக்கூட வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று சொன்ன அந்த வார்டனிடம், எங்கள் வணக்கத்தை மட்டும் சொல்லிவிடுங்கள். நீங்கள் அலைந்து திரிந்து வாங்கிய சீட்டு, உங்கள் மனசு கோணுமே என்று மூன்று நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லணும்னா, அஞ்சு மாசத்துக்கப்புறம் இந்த மூணு நாளாத்தான் நான் நிம்மதியா சோறு திங்கிறேன்.

என்ன நடந்துச்சுன்னு முழுசா சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். என் வேலை உங்களுக்குத் தெரியும், சிப்காட்டுல கியர் சக்கரம் செய்யிற கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளவு சரியா இருந்தா பச்சைத் தொட்டி, முடியளவு கூடினாலும் குறைஞ்சாலும் சிவப்புத் தொட்டி. பதினாலு வருஷமா இதான் சோலி. சிவப்புத் தொட்டிக்குப் போன சக்கரத்தைச் சும்மா விடமாட்டாக, எந்த ஆபரேட்டர் செஞ்சானோ அவன் பேரை எழுதி ஒரு சீட்டைக் கட்டி, கேட் பக்கத்துல ஒரு மேசை மேல வச்சிருவாக. திங்கக்கிழமை காலையில சூப்பர்வைசர் எல்லாரையும் நிக்க வச்சு அந்தப் பேரையெல்லாம் வாசிப்பார். தொண்ணூத்தெட்டுல ஒரு தடவை, அளக்கத் தப்பினதுக்கு என் பேரும் அந்த மேசைக்குப் போச்சு. ரெண்டு நாள் கேண்டீன் பக்கம் தலைகாட்டலை நான், வீட்டுல வயித்துவலின்னு சொல்லிப் படுத்துக்கிட்டேன். இதை இப்ப எதுக்குச் சொல்றேன்னா, பின்னாடி நான் செஞ்ச கூத்துக்கெல்லாம் இந்த மேசைதான் காரணம்.

சுப்ரியா ஏழாவது வந்ததுலருந்து கணக்குல மார்க் இறங்கிக்கிட்டே போச்சு. நான் என்ன செஞ்சேன், ஒரு தப்பு இருந்தா ஒரு கத்து, ரெண்டு தப்பு இருந்தா ரெண்டு கத்து. அது அழிச்சு அழிச்சு நோட்டுல ஓட்டை விழுந்துச்சு. பரீட்சைப் பேப்பரையெல்லாம் அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சுது. உங்க தங்கச்சி ஒரு நாள் உலைக்கு அரிசி அள்ளப் போயி, அரிசியோட முப்பதுக்கு நாலு மார்க்கையும் சேர்த்து அள்ளிட்டு வந்தா. நானும் ஆறுதல் சொல்றதா நினைச்சு, "விடு தாயி, நம்ம குடும்பத்துக்கே கணக்கு வராது"ன்னேன். எவ்வளவு பெரிய ஆறுதல் பாத்தீங்களா, இன்னைக்கு நினைச்சாலும் என் வாயில நானே போட்டுக்கலாம் போல இருக்கு.

அப்பதான் அந்த ஸ்கூலுக்கு ஹீனான்னு ஒரு கணக்கு டீச்சர் புதுசா வந்தாங்க. கிருஷ்ணகிரிக்காரங்க, சின்ன வயசு, சத்தம் போட்டே பேசமாட்டாங்க. ஆகஸ்ட் மாசப் பரீட்சையில நம்ம பிள்ளை அம்பதுக்குப் பதினொண்ணு. ரேங்க் கார்டுல 'தோல்வி'ன்னு போடுற இடத்துல டீச்சர் பச்சை மையில 'இன்னும் வரவில்லை'ன்னு எழுதியிருந்தாங்க. என்னது வரலை, பீஸா, பேப்பரான்னு பிள்ளைகிட்டக் கேட்டேன். "கணக்குதாம்ப்பா இன்னும் வரலை. வந்துக்கிட்டிருக்கு"ங்குது. எனக்கு வந்த எரிச்சல்ல, "எந்த ஊரு வரைக்கும் வந்திருக்கு?"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "தர்மபுரி தாண்டியிருக்கும்"னுச்சு மச்சான், சிரிக்காம. அதோட விட்டுச்சா? "அப்பா, என் தப்பை கிளாஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க! பேரோட!"ன்னு ஏதோ கப்பு வாங்கின மாதிரி குதிக்குது. எனக்குக் கேட் மேசை கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. பன்னெண்டு வயசுப் பிள்ளையைச் சிவப்புத் தொட்டியில போட்டுட்டாங்களே, அது அவமானம்னுகூடத் தெரியாம எம்புள்ளை சந்தோஷப்படுதேன்னு ராத்திரி பூரா தூக்கமில்லை. காலையில உங்களுக்குப் போன் பண்ணித்தான் ஹாஸ்டல் விஷயத்தையே பேசினேன்.

அன்னைக்கு எனக்கு முதல் ஷிப்ட். ரெண்டரைக்கு வெளிய வந்ததும், யூனிபார்மோட, கூட வேலை பாக்குற திம்மராயன் டிவிஎஸ் ஃபிஃப்டியில பின்னாடி ஏறி ஸ்கூலுக்குப் போகச் சொன்னேன். அவன் உள்ளூர்க்காரன், தங்கமான மனுசன், வழியெல்லாம் "பேடா அண்ணா, வேண்டாம் அண்ணா, டீச்சரம்மாகிட்ட சண்டை பேடா"ன்னு கன்னடத்துலயும் தமிழ்லயும் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டே வந்தான். நான் கேட்டாத்தானே? கிளாஸ் நடந்துக்கிட்டிருக்கு, நேரா உள்ள போனேன், ஒரு வணக்கம்கூட வைக்கலை. போர்டுல 'இதைச் செஞ்சது சுப்ரியா'ன்னு எம்புள்ளை கையெழுத்துல ஒரு தாள் இருந்துச்சு. பிடிச்சு ஒரே இழுப்பு! பாதி கையோட வந்துருச்சு, பாதி போர்டுலயே நின்னுக்கிச்சு. ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டோம்னு நெஞ்சை நிமித்தித் திரும்பினா, நாப்பது பிள்ளைங்களும் என்னை முறைக்குதுங்க, மூணாவது பெஞ்சுல சுப்ரியா மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுவுது.

டீச்சர் கோபப்படலை. கோபப்பட்டிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பிச்சிருப்பேன். "சார், மிச்சத்தையும் படிச்சிடுங்க"ன்னு போர்டுல நின்ன பாதியைக் காட்டினாங்க. அதுல ரெண்டாவது வரி இருந்துச்சு. 'எங்கே தப்புன்னு கண்டுபிடிச்சதும் சுப்ரியா.'

கணக்கு இதுதான் மச்சான். அரையும் மூணுல ஒண்ணும் கூட்டணும். நம்ம பிள்ளை மேல இருக்கிற ஒண்ணையும் ஒண்ணையும் கூட்டி, கீழ இருக்கிற ரெண்டையும் மூணையும் கூட்டி, அஞ்சுல ரெண்டுன்னு எழுதிருச்சு. எழுதிட்டு அதுவே பக்கத்துல ஒரு சப்பாத்தி படம் போட்டு, 'அரை சப்பாத்தி தின்னவ மேல இன்னும் கொஞ்சம் தின்னிருக்கா, அப்ப மொத்தம் அரையைவிடக் குறைஞ்சது எப்படி?'ன்னு கேட்டு, சப்பாத்தியை ஆறாக் கிழிச்சுப் பாத்து, ஆறுல அஞ்சுன்னு கண்டுபிடிச்சிருக்கு! டீச்சர் சொன்னாங்க, "பதினாறு பேர் இதே தப்பைச் செஞ்சாங்க சார். பதினஞ்சு பேர் அழிச்சுட்டு பக்கத்துப் பிள்ளையைப் பாத்து எழுதிட்டாங்க. உங்க பொண்ணு ஒருத்திதான் அழிக்கலை. இவ தப்பை வச்சுத்தான் மத்தப் பதினஞ்சு பேருக்கும் புரிஞ்சுது. அதுக்குத்தான் எல்லாரும் கைதட்டி ஒட்டினோம். எங்க கிளாஸ்ல தப்பை அழிக்கக் கூடாது, பக்கத்துல சரியானதை எழுதணும், அவ்வளவுதான் சட்டம்." கிழிஞ்ச தாளைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு அழுகை வந்துருச்சு, சொல்றதுக்கு என்ன வெக்கம். பதினாலு வருஷமா எத்தனை ஆயிரம் சக்கரத்தைச் சிவப்புத் தொட்டியில வீசியிருப்பேன், ஒண்ணையாவது எடுத்து இது எங்கப்பா வழுக்கிச்சுன்னு பாத்திருக்கேனா? வீட்டுலயும் அதே வேலையைத்தானே பாத்திருக்கேன்.

தாளை ஒட்டவச்சுக் குடுத்துட்டு நழுவலாம்னு பாத்தேன். டீச்சர் விடலை, உக்காருங்கன்னு கடைசி பெஞ்சைக் காட்டினாங்க. அது ஏழாவது பிள்ளைங்க பெஞ்சு, என் முழங்கால் தாடைக்கு வந்து இடிச்சுது. "சார், உங்களுக்கு வராத ஒண்ணைப் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க"ன்னாங்க. வாயில சட்டுனு வந்தது அதுதான், "எனக்கு வண்டி வராது". உங்களுக்கு ஞாபகம் இருக்கும், தொண்ணூத்தொண்ணுல, கல்யாணம் நிச்சயமான புதுசுல நீங்கதான் எனக்குச் சைக்கிள் பழக்கிவிட்டீங்க, நானும் உங்க களத்துல காயப்போட்டிருந்த வத்தல் மேல குப்புற விழுந்து ரெண்டு நாள் கண்ணைத் திறக்காம கிடந்தேன். அப்ப நீங்க என் தலைமாட்டுல உக்காந்து, "மாப்ளே, உங்களுக்கு வண்டி வராது"ன்னு சொன்னீங்க. அதை நான் சாமி வாக்கா எடுத்துக்கிட்டு, இத்தனை வருஷமா கம்பெனி பஸ்சு, டவுன் பஸ்சு, திம்மராயன் முதுகுன்னே காலத்தை ஓட்டிட்டேன். நான் சொல்லி முடிக்கலை, நாப்பது பிள்ளையும் ஒரே சத்தமா, "வராதுன்னு சொல்லக் கூடாது சார்! இன்னும் வரலை!"ன்னு கூரை அதிரக் கத்துச்சுங்க. எனக்கு வீட்டுப்பாடமும் குடுத்துட்டாங்க மச்சான். வண்டி பழகணும், சனிக்கிழமை சனிக்கிழமை வந்து அந்த வாரத் தப்பை என் கையால எழுதி ஒட்டணும்.

வீட்டுக்கு வந்ததும் சுப்ரியா ஒரு பேச்சு பேசுச்சு. "அப்பா, நான் கணக்கு கத்துக்கறேன், நீங்க வண்டி கத்துக்குங்க. அரையாண்டுல நான் பாஸாகலேன்னா மாமா கார்ல பேசாம ஏறிக்கிறேன். ஆனா நீங்க பாதியில விட்டா நானும் விட்டுருவேன்." பன்னெண்டு வயசுக்கு எவ்வளவு விவரம் பாருங்க. என் பிள்ளை வீட்டுல இருக்கிறதும் ஹாஸ்டலுக்குப் போறதும் என் கை முறுக்குற ஆக்சிலேட்டர்ல வந்து நின்னுருச்சு.

அதுக்கப்புறம் நடந்ததை எழுதினா இந்தத் தாள் பத்தாது. முதல் ஞாயித்துக்கிழமை கம்பெனிக்குப் பின்னாடி இருக்கிற மைதானத்துல திம்மராயன் வண்டியைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தான், பிடியை விட்டதும் நான் மைதானத்தை விட்டுட்டு சென்னப்பன்னு ஒருத்தரோட கோஸ் தோட்டத்துக்குள்ள போயிட்டேன், பதினோரு கோஸ் போச்சு. அந்தக் கோஸையெல்லாம் நாங்களே வாங்கிக்கிட்டோம், ஒரு வாரம் காலையில கோஸ் பொரியல், சாயங்காலம் கோஸ் கூட்டு, உங்க தங்கச்சி என்கிட்டப் பேசலை. சனிக்கிழமை அதை எழுதி ஒட்டினேன். பிள்ளைங்க சிரிச்சுதுங்க, சிரிச்சு முடிச்சிட்டு, "எங்க வழுக்குனீங்க சார், அதைக் கண்டுபிடிங்க"ன்னுச்சுங்க. யோசிச்சுப் பாத்தா, பயம் வந்து பிரேக்கைப் பிடிக்கணும்னு நினைக்கிறப்ப என் வலது கை தானா ஆக்சிலேட்டரை முறுக்குது! இது எனக்கு அதுவரைக்கும் தெரியாது, பயம்தான் வண்டியை ஓட்டுதுன்னு சுப்ரியா பக்கத்துல எழுதி வச்சுது.

ரெண்டாவது மாசம் பெரிய ரோட்டுல ஓரமா ஓட்டிப் பாருங்கண்ணான்னு திம்மராயன் தைரியம் சொன்னான். நல்லாத்தான் போனேன். ரொம்ப நல்லாப் போனேன், அதான் வினை. நேரா போகத்தான் தெரியுது, திரும்பத் தெரியலை. பின்னாடி லாரி ஆரன், முன்னாடி பஸ்சு, நான் ஓரத்தைப் பிடிச்சவன் பிடிச்சபடி போயி, ஜூஜூவாடி போயி, செக்போஸ்ட்டும் தாண்டி, போர்டெல்லாம் கன்னடத்துல வர ஆரம்பிச்சப்பதான் மாநிலமே மாறிருச்சுன்னு தெரிஞ்சுது. அத்திப்பள்ளியில லாரி வரிசையா நின்னதால நானும் நின்னேன். ஒரு போலீஸ்காரர் வந்து ஏதோ கேட்டார், நான் "பேடா, பேடா"ன்னேன், எனக்குத் தெரிஞ்ச கன்னடம் அம்புட்டுத்தான். திம்மராயன் டவுன் பஸ்சுல தேடி வந்து, அவர்கிட்ட என் எல்.எல்.ஆரைக் காட்டி, அவரைச் சிரிக்க வச்சுக் கூட்டிட்டு வந்தான். அந்த வாரம் பிள்ளைங்க போர்டுல ஓசூர்லருந்து கர்நாடகா வரைக்கும் ஒரு மேப்பே போட்டு ஒட்டிருச்சுங்க. நவம்பர்ல லைசென்ஸுக்குப் போனேன், எட்டு போடச் சொன்னாங்க, எனக்கு அப்ப இடது பக்கம் மட்டும்தான் திரும்ப வரும், சுத்திச் சுத்தி சைபர் போட்டுக் கடைசியில இடது முழங்கால் தரையில இடிக்க விழுந்தேன். ஆபீசர் ரொம்ப மரியாதையா, "தை பொறந்ததும் வாங்க"ன்னார். நான் விடணும்னு எத்தனையோ தடவை நினைச்சேன் மச்சான், ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை சப்பாத்தியை வச்சுக்கிட்டுப் பின்னத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கிறதைப் பாப்பேன், மறுபடியும் சாவியை எடுத்துக்குவேன்.

புதன்கிழமை அரையாண்டுப் பேப்பர் குடுத்தாங்க. நூத்துக்கு முப்பத்தொம்போது. பாஸ்! உங்க பையன் வாங்குற தொண்ணூத்தெட்டு முன்னாடி இது ஒண்ணுமில்லைதான், எனக்குத் தெரியும். ஆனா அது வாசப்படியிலருந்தே "அப்பா"ன்னு கூப்பிட்டுக்கிட்டு வந்து, பேப்பரைத் தானா என் கையில வச்சுது, அதுதான் எனக்குப் பெருசு. பேப்பர்ல எட்டு இடத்துல தப்பு, பேப்பர் வாங்கின கையோட எட்டையும் அழிக்காம பக்கத்துல சரியா எழுதியிருக்கு. அரிசி டிரம்முல இப்ப அரிசி மட்டும்தான் இருக்கு மச்சான். உங்க தங்கச்சி அதைத் திறந்து பாத்துட்டு நின்ன இடத்துலயே அழுதா. நான் சும்மா இருக்காம, "தாயி, கணக்கு இப்ப எந்த ஊருல இருக்கு?"ன்னு கேட்டேன். "சூளகிரி தாண்டிருச்சுப்பா, அடுத்தது ஓசூர்தான், வந்துரும்"னுச்சு.

அதனாலதான் கார் வேண்டாம்கிறேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க எங்க மேல வச்ச பாசத்துலதான் சீட்டு வாங்குனீங்க, அது எனக்குத் தெரியாதா? ஆனா பிள்ளை இங்கதான் இருக்கும், அந்த டீச்சர்கிட்டத்தான் படிக்கும். கம்பெனியில நானும் இப்பச் சிவப்புத் தொட்டிச் சக்கரத்தை வீசுறதில்லை, ஆபரேட்டரைக் கூப்பிட்டு ரெண்டு பேருமா உக்காந்து எங்க வழுக்கிச்சுன்னு பாக்குறோம். சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரியாப் பாக்குறார், தொட்டி என்னமோ பாதிதான் நிறையுது.

இன்னொரு சந்தோஷம். தொண்ணூத்தொண்ணுல நீங்க சொன்ன வாக்கும் பொய்யாயிருச்சு மச்சான். உங்க மாப்பிள்ளைக்கு வண்டி சுத்தமாகக் கைவந்துவிட்டது. இந்தக் கடிதத்தை நானே, சுப்ரியாவைப் பின்னால் உட்காரவைத்து, பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் தபால் பெட்டிக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் போடப்போகிறேன் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். தங்கள் களத்தில் வத்தல் நன்றாகக் காயவும், வீட்டில் பொங்கல் நன்றாகப் பொங்கவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
பரமசிவம்.

பி.கு: மச்சான், இந்த நாலு வரி பென்சிலில் இருப்பதற்கும், உறை மேல் கன்னடத்தில் முத்திரை இருப்பதற்கும் பதற வேண்டாம். தபால் பெட்டி ரோட்டுக்கு வலது பக்கம். வலது பக்கம் திரும்ப எனக்கு இன்னும் வரலை. நானும் சுப்ரியாவும் இப்ப அத்திப்பள்ளியில ஒரு பேக்கரி வாசல்ல உக்காந்திருக்கோம், திம்மராயன் பஸ்சுல வந்துக்கிட்டிருக்கான். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்குது, "கணக்கு ஓசூர் வந்து சேர்றதுக்குள்ள நாம கர்நாடகா வந்துட்டோமேப்பா"ங்குது, அடுத்த சனிக்கிழமை ஒட்டுறதுக்கு இப்பவே மேப் போட ஆரம்பிச்சிருச்சு. மேலே 'சுத்தமாகக் கைவந்துவிட்டது'ன்னு எழுதினதை அடிச்சிரலாம்னுதான் பென்சிலை வாங்கினேன். பிள்ளை என் கையைப் பிடிச்சுக்கிச்சு. அதனால அது அப்படியே இருக்கட்டும் மச்சான், நீங்க படிக்கிறப்ப பக்கத்துல சரியானதை எழுதிக்குங்க.